மௌன காலத்தில் ஒரு வேட்பாளர்

அத்தியாயம் 9

காணாமல் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. பத்மநாதன் சொல்லிக்கொண்டு போயிருந்தார். அதனால்தான் வியாழன் இரவிலிருந்து சனி காலை வரை அவரை ஒரு காக்கா குருவிகூடத் தேடவில்லை.

ஒஸ்லோவின் குறொன்லாண்டில் இருந்த அவருடைய கடையின் பின்கதவால் வினோஜாவுக்கு முன்னே நுழைந்த ஜோன்சன், இருட்டில் சுவிட்சைத் தேடிக்கொண்டு இரண்டடி வைத்தான். கால் வழுக்கி மல்லாக்க விழுந்தான். கையை ஊன்றி எழுந்தபோது உள்ளங்கை பிசுபிசுத்தது. விளக்கு எரிந்ததும் பார்த்தால், ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல் உடைந்து தரை முழுக்க எண்ணெய். அந்த எண்ணெய் சிவப்பாக இருந்தது.

“பிள்ளை, இந்தக் கடையிலை ஆட்டிறைச்சி விக்கிறவையோ?”

“இல்லை அண்ணை. மரக்கறியும் பலசரக்கும்தான்.”

“அப்ப இது மனுசன்ரை,” என்று ஜோன்சன் கையை விரித்துக் காட்டினான்.

வினோஜா அவனைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்தாள். தலை உயரத்தில் ஒரு கறை. கறைக்குள் நாலைந்து நரைமயிர். கீழே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடி நசுங்கிக் கிடந்தது. யாரோ ஒருவன் பத்மநாதனின் பிடரியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதியிருக்கிறான். ஒரு தடவையோடு அவனுக்கு மனம் ஆறவில்லை என்பதற்கும் சுவரே சாட்சியாக இருந்தது. அங்கிருந்து கதவு வரைக்கும் ஆளை இழுத்துக்கொண்டு போன தடம்.

வினோஜா ஒஸ்லோ பொலிசில் வேலை பார்த்து, மேலதிகாரியோடு முறுகிக்கொண்டு வெளியேறி, சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். நிறுவனம் என்றதும் மாடிக் கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். அவள், ஒரு மேசை, ஜோன்சனின் டாக்சி, அவ்வளவுதான். வயதில் அவளுக்குச் சித்தப்பன் முறையில் இருக்கக்கூடிய ஜோன்சன்தான் அவளுடைய உதவியாளன். அவனுடைய டாக்சிக்கு மீற்றர் உண்டு, வாய்க்குத்தான் இல்லை.

முன்கடையில் தேங்காய்ப்பால் பெட்டி ஒன்றின்மேல் பத்மநாதனின் மனைவி சிந்தியா உட்கார்ந்திருந்தாள். அரிசி எடுக்க வந்த இடத்தில் இந்தக் கோலத்தைக் கண்டு, வினோஜாவைக் கூப்பிட்டவள் அவள்தான். பொலிசுக்கும் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வந்து நாடா கட்டி, படம் பிடித்து, தலையைச் சொறிந்து முடிப்பதற்குள் தனக்குத் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொள்ள வினோஜா விரும்பினாள்.

சிந்தியா விக்கி விக்கிச் சொன்ன கதை இதுதான். கடைதான் ஒஸ்லோவில். வீடு எல்லைக்கு அப்பால், சுவீடன் பக்கத்தில் ஒரு சின்ன நகரசபைப் பகுதியில். அங்கே வீடு மலிவென்று சில வருடங்களுக்கு முன் குடிபோனார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை சுவீடனில் நகரசபைக்கும் பிராந்திய சபைக்கும் தேர்தல். அங்கே குடியிருக்கும் நோர்வேப் பிரசைக்கும் வாக்குண்டு, நிற்கவும் உரிமை உண்டு. பத்மநாதன் ஒரு சின்ன உள்ளூர்க் கட்சியின் பட்டியலில் மூன்றாம் ஆளாக நின்றார். அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தால் பெரிய காரியம். பட்டியலில் முதலாவது பெயர் குகதாசன் என்ற இன்னொரு தமிழர். ஆனால் வாக்குச்சீட்டில் பத்மநாதனின் பெயருக்குப் பக்கத்தில் போதுமான பேர் புள்ளடி போட்டால், குகதாசனைத் தாண்டி அந்த ஆசனம் பத்மநாதனுக்கு வரும். பத்மநாதன் கோடை முழுவதும் வீடு வீடாகக் கதவைத் தட்டித் திரிந்தார். தாண்டிவிடுவார் என்றுதான் ஊரில் பேச்சு.

சிந்தியா தன் ஃபோனை நீட்டினாள். வியாழன் இரவு, கட்சியின் தமிழ் ஆதரவாளர்களின் வட்ஸ்அப் குழுவுக்குப் பத்மநாதன் அனுப்பிய குரல் செய்தி அதில் இருந்தது.

“அன்பான உறவுகளே, பத்மநாதன் கதைக்கிறன். இண்டைக்கு நள்ளிரவோடை பிரசாரம் முடியுது. இனி மௌன காலம். சட்டத்தை மதிச்சு நான் ஃபோனை நிப்பாட்டிப்போட்டு, ஒரு சிநேகிதன்ரை மலைவீட்டிலை இருக்கப்போறன். ஒருத்தரும் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சந்திப்பம்.”

இலங்கையில் தேர்தல் பார்த்த எவருக்கும் இதில் சந்தேகம் வராது. அங்கே வாக்களிப்புக்கு இரண்டு நாளைக்கு முன்பே பிரசாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஒலிபெருக்கி அடங்கும், சுவரொட்டி கிழியும், கோவிலுக்குப் போகாத வேட்பாளரும் கோவிலுக்குப் போவார். அந்த இரண்டு நாளுக்குப் பெயர் மௌன காலம். சிந்தியாவும் அப்படித்தான் நினைத்து, ஒஸ்லோவில், ரொம்சோசில் இருக்கும் தங்கை வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

வினோஜா செய்தியை மறுபடி கேட்டாள். பிறகு சிந்தியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, சுவீடனிலை மௌன காலம் எண்டு ஒண்டு இல்லை. தேர்தல் அண்டைக்கும் பிரசாரம் செய்யலாம். வாக்குச்சாவடி வாசல்லை நிண்டு தங்கடை கட்சிச் சீட்டைக் கையிலை குடுக்கிறதுதான் அண்டைக்கு வேட்பாளருக்கு முக்கியமான வேலை. கோடை முழுக்கக் கதவு தட்டினவர், கடைசி ரெண்டு நாளும் மலையிலை போய்ப் படுப்பாரோ?”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னவர்?”

“ஆரோ சொல்ல வைச்சிருக்கினம். சொல்ல வைச்சவனுக்கு இந்தப் பொய்ச்சாட்டிலை பிழை தெரியேல்லை. அவன் எங்கடை ஆள். எங்கடை ஊர்த் தேர்தல் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. இஞ்சத்தைத் தேர்தலை எட்டியும் பார்க்காதவன்.”

“அப்பிடியெண்டால் ஒஸ்லோவிலை பாதிச் சனத்தைப் பிடிக்க வேணும் பிள்ளை,” என்றான் ஜோன்சன். “என்னிலை இருந்து தொடங்கும்.”

வேறு யாருக்காவது இந்த இரத்தத்தைப் பற்றிச் சொன்னீர்களா என்று வினோஜா கேட்டாள். முதலில் ஸ்ரீதரன் அண்ணையைத்தான் கூப்பிட்டேன் என்றாள் சிந்தியா. ஒஸ்லோத் தமிழருக்கு ஒரு தலைவலி என்றால் முதலில் அழைப்புப் போவது அவருக்குத்தான். பொலிசுக்குப் போனால் தேர்தல் நேரத்தில் பெயர் கெட்டுவிடும், பொறுத்திரு, நான் விசாரிக்கிறேன் என்று அவர் சொன்னாராம். வினோஜாவைக் கூப்பிட்டதைச் சொன்னபோது கொஞ்சம் கோபித்தும் கொண்டாராம்.

ஆனால் சிந்தியாவின் சந்தேகமெல்லாம் குகதாசன்மேல்தான். போன மாதம் அந்த மனிதர் எல்லோருக்கும் முன்னால் பத்மநாதனின் முகத்தில் குத்தி ஒரு பல்லை ஆட்டிவிட்டார். ஆளின் பெயருக்குப் போடும் விருப்பு வாக்கு என்று வந்துவிட்டால் எதிர்க்கட்சிக்காரனை விட்டுவிட்டுச் சொந்தக் கட்சிக்காரனின் கழுத்தைப் பிடிப்பது நம்முடைய ஆட்களுக்குக் கைவந்த கலை. கடல் தாண்டி வந்தும் அது மாறவில்லை. இன்று காலை குகதாசன் குறொன்லாண்டில் பிஸ்கற் வாங்கிக்கொண்டு நின்றதைச் சிந்தியா கண்டிருந்தாள்.

அவரைப் பிடிப்பது கடினமாக இருக்கவில்லை. கார்த்தரிப்பிடத்தில், கார் டிக்கியைத் திறந்துவைத்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, காளை மாட்டுக் கழுத்து.

“பத்மநாதன் எங்கை?” என்று ஜோன்சன் நேராகவே கேட்டான்.

குகதாசன் வாயால் பதில் சொல்லவில்லை. தலையால் இடித்தார். ஜோன்சனின் மூக்கு விறகு முறிகிற சத்தத்தோடு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கியவரின் மணிக்கட்டை வினோஜா பிடித்து, முதுகுப்பக்கம் முறுக்கி, கன்னத்தைக் கார்க் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நோர்வேஜிய மொழியிலும் தமிழிலும் மாறி மாறித் தூசணம் பேசினார். அது முடியும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“டிக்கியிலை என்ன?”

“வாக்குச்சீட்டு. நாளைக்குக் குடுக்கிறதுக்கு. ரீயும் பிஸ்கற்றும்.”

“பத்மநாதன் அண்ணையின்ரை செய்தி கேட்டனீங்களோ?”

“வியாழக்கிழமையே கேட்டனான். விசர்க்கதை. அங்கை ஏது மௌன காலம்? நாளைக்கு விடிஞ்சால் பொழுதுபடும்வரைக்கும் வாசல்லை நிக்க வேணும். அவன் வராட்டில் எனக்குத்தான் நல்லம்.”

வினோஜா பிடியை விட்டாள். அவரை ஒரு மாதிரிப் பார்த்து, ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு நேரத்தை நினைத்து விட்டுவிட்டாள்.

“இவர் கடத்தேல்லை அண்ணை. இவர் கடத்தியிருந்தால் இப்பிடி ஒரு சாட்டைச் சொல்ல விட்டிருக்க மாட்டார். வாங்கோ.”

ஜோன்சனுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. மூக்கை உடைத்தவனே குற்றவாளியாகவும் இருந்துவிட்டால் உலகத்தில் எவ்வளவு வேலை மிச்சம்.

மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு அவன் டாக்சியை எடுத்தான். கார்த்தரிப்பிடத்தின் வாசலைத் தாண்டி முதல் திருப்பத்தில் திரும்பும்போது, குளிரூட்டிய வெள்ளை வான் வண்டி ஒன்று பக்கத்தில் வந்து ஓங்கி இடித்தது. டாக்சி சுழன்று போய்ச் சுவரில் மோதி நின்றது. வினோஜாவின் பக்கக் கதவு நசுங்கித் திறக்க முடியாமல் போய்விட்டது. வானிலிருந்து தடித்த ஒருவன் குதித்தான். முகத்தில் கம்பளிமூடி, கையில் சுத்தியல்.

முதல் அடியில் ஜோன்சனின் பக்கக் கண்ணாடி தூளானது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது தலைக்கு வந்தது. ஜோன்சன் குனிந்துகொண்டதால் காது கிழிந்ததோடு தப்பியது. அவன் ஒரு கையால் சுத்தியலின் பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் சாவிக்கொத்தை அந்தத் தடியனின் கையில் குத்தி இழுத்தான். தடியன் வலியில் உறுமினான். வினோஜா பின்சீற்றால் ஏறி மறுபக்கம் இறங்குவதற்குள் அவன் வானுக்கு ஓடிவிட்டான். போகும்போது தமிழில் ஒன்று சொன்னான்: பத்மநாதன்ரை மனுசியிட்டைச் சொல்லு, தேட வேண்டாமாம்.

டாக்சியின் முன்பக்கம் புகைந்தது. ஜோன்சன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழக்கமாக எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன், வான் போன திசையையே பார்த்தான். பயந்துபோனான் என்பதுதான் உண்மை.

“நாங்கள் தேடுறம் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்று வினோஜா மெல்லக் கேட்டாள்.

“சிந்தியாவுக்கு. குகதாசனுக்கு இப்பத்தான் தெரியும், அவர் ஆளனுப்ப நேரம் காணாது.” ஜோன்சன் நிமிர்ந்தான். “பிள்ளை, அடிச்சவனிலை அறக்குளா மணந்தது. முறிஞ்ச மூக்குக்கே மணந்ததெண்டால் பாரும்.”

“அறக்குளா எண்டால்?”

“இஞ்சை பிறந்த பிள்ளையளிட்டை இதுதான் கரைச்சல். மீன். ஊர் மீன். ஒஸ்லோவிலை எல்லாத் தமிழ்க் கடைக்கும் அது ஒருத்தற்றை வான் வண்டியிலைதான் வாறது.”

அந்த ஒருத்தர் ஸ்ரீதரன் என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை; வினோஜாவைக் கூப்பிட்டதைச் சிந்தியா சொன்னதும் அவருக்குத்தான். வினோஜா பொலிசுக்கு மறுபடி அழைத்து ஒஸ்லோவின் புறப்பகுதியான எல்லிங்ஸ்ருட்டில் ஒரு விலாசத்தைச் சொன்னாள். விபத்துக்கு வருகிறோம், அந்த விலாசத்துக்கு ஒரு சந்தேகம் மட்டும் போதாது என்றார்கள். அவள் ஃபோனை அணைத்தாள். மேலதிகாரியோடு முறுகிக்கொண்டதற்கும் இதே பதில்தான் காரணம். டாக்சி முக்கி முனகியபடி இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஸ்ரீதரன் மீன் மொத்த வியாபாரி என்பது அவருடைய இரண்டாவது அடையாளம். முதலாவது, தேர்தல் ஆய்வாளர் என்பது. எல்லிங்ஸ்ருட்டில் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை எடுத்து, கமராவும் வட்ட விளக்கும் வைத்து, இலங்கையில் எந்தப் பிரதேச சபையில் யார் வெல்வார் என்று யூடியூபில் வாராவாரம் சொல்லிக்கொண்டிருப்பவர். அங்கே ஒரு வட்டாரத்தில் எத்தனை குடும்பம் எந்தப் பக்கம் என்பது அவருக்கு மனப்பாடம்.

வந்தவர்களின் கோலத்தைப் பார்த்து ஐயோ என்றார். கதிரை இழுத்துப் போட்டார். பத்மநாதனைப் பற்றி மிகவும் கவலைப்பட்டார். நிறவெறியர்களின் வேலையாக இருக்கும் என்றார். வினோஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, வேறொன்றும் கேட்கத் தோன்றாதவள்போல, ஒன்று கேட்டாள்.

“அங்கிள், நாளைக்கு வாக்குச்சாவடி வாசல்லை நிண்டு பத்மநாதன் அண்ணைக்காகச் சீட்டுக் குடுக்க ஆக்கள் வேணும். நீங்கள் நாலு பேரை ஒழுங்குபடுத்துவியளோ?”

ஸ்ரீதரன் சிரித்தார். குழந்தைக்குப் பாடம் சொல்கிற சிரிப்பு.

“என்ன பிள்ளை கதைக்கிறீர். வாசல்லை நிண்டு சீட்டுக் குடுத்தால் பொலிஸ் அள்ளிக்கொண்டு போகும். ஐந்நூறு மீற்றருக்குள்ளை நிண்டு வாக்குக் கேக்கவே ஏலாது. இப்ப மௌன காலம் எல்லோ. உமக்குத் தேர்தல் சட்டம் தெரியாது.”

“நீங்கள் இஞ்சை வந்து எவ்வளவு காலம் அங்கிள்?”

“முப்பது வருசம்.”

“ஒருக்காலெண்டாலும் வாக்குப் போட்டனீங்களோ?”

அவர் வட்ட விளக்கை நேராக்கினார். முப்பது வருடமாக ஒரு மனிதர் ஒஸ்லோவில் சாப்பிட்டு, தூங்கி, வியாபாரம் செய்து, பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறார். ஆனால் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்து தேர்தல் என்று அவர் வாயைத் திறந்த அத்தனை தடவையும் அது எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் நடந்த தேர்தல்.

“வானைத் திறந்து காட்டுங்கோ அங்கிள்,” என்றாள் வினோஜா.

அப்போது ஜோன்சனுக்குப் பின்னால் கதவு திறந்தது. அறக்குளா வாடை முதலில் வந்தது. ஸ்ரீதரனின் வான் சாரதி அபிராம், சாவி கிழித்த கையில் துணி சுற்றியபடி, மறு கையில் மீன் வெட்டும் கத்தியோடு நின்றான். ஸ்ரீதரன் கதிரையைவிட்டு எழவில்லை. கண்ணால் ஒரு சாடை காட்டினார். யூடியூபில் உரையை முடிக்கும்போது காட்டுகிற அதே பணிவான தலையசைப்பு.

அபிராம் கத்தியை வினோஜாவின் விலாவுக்குச் செருகப் போனான். ஜோன்சன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டான். இடையில் கையை நீட்டினான். கத்தி முன்கையின் ஒரு பக்கத்தால் புகுந்து மறு பக்கத்தால் எட்டிப்பார்த்தது. வலி வருவதற்குள் அவன் கமராக் கம்பத்தை மறு கையால் பிடுங்கி, அபிராமின் முழங்காலில் ஓங்கி அடித்தான். முழங்கால் தப்பான பக்கம் மடிந்தது. விழுந்தவனின் தாடையில் இரண்டாவது அடியை வைத்தான். மூன்றாவது அடி தன் டாக்சிக்காக. நாலாவதுக்கு ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் அடித்தான்.

ஸ்ரீதரன் மேசை லாச்சியைத் திறந்து, உள்ளே கையை விட்டுச் சுத்தியலைப் பற்றியிருந்தார். வினோஜா அந்த லாச்சியைக் காலால் உதைத்து அவருடைய கையோடு சேர்த்துச் சாத்தினாள். எலும்பு நொறுங்கியது ஜோன்சனுக்கும் கேட்டது. அவர் வாய் பிளந்து கத்துமுன், அவள் அவருடைய தலையைப் பிடித்து மேசையில் ஒரு தடவை மோதினாள். ஒரே தடவை. பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அவள் முகத்தில் இருந்தது வெற்றி இல்லை, அருவருப்பு.

வான் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நின்றது. உள்ளே மீன் பெட்டிகளுக்குப் பின்னால், சாக்குகளால் மூடி, கையும் காலும் மீன்வலைக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். பத்மநாதனின் ஒரு கண் முழுதாக மூடிப்போயிருந்தது. இடது கையில் மூன்று விரல்கள் சுத்தியலால் தட்டி நசுக்கப்பட்டிருந்தன. உதடு நீலம். வினோஜா கழுத்தில் விரலை வைத்துவிட்டு, தன் கோட்டைக் கழற்றி அவரைச் சுற்றினாள். உயிர் இருந்தது. ஜோன்சன் வான் படியில் உட்கார்ந்து, தன் கையிலிருந்து ஒழுகும் இரத்தத்தையும் பாராமல், சின்னப்பிள்ளைபோல அழுதான்.

இந்தத் தடவை பொலிஸ் வந்தது, அம்புலன்சும் வந்தது. அம்புலன்சுக்குள் ஒரு பக்கம் பத்மநாதனையும் மறுபக்கம் ஜோன்சனையும் ஏற்றினார்கள். வினோஜா நடுவில் குந்திக்கொண்டாள். கம்பளிக்குள் சூடு ஏற ஏறப் பத்மநாதனுக்குப் பேச்சு வந்தது. துண்டு துண்டாகச் சொன்னார்.

தேர்தலுக்கும் இந்தக் கடத்தலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாக்குக் கேட்கப் போன இடத்தில், காட்டோரம் தனித்து நின்ற ஒரு வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறார். அடிபட்டு வீங்கிய முகத்தோடு ஒரு பெடியன் கதவின் இடைவெளியால் எட்டிப்பார்த்து, அண்ணை, எங்களைப் பூட்டி வைச்சு மீன் வெட்ட விடுகினம், காப்பாத்துங்கோ என்று தமிழில் சொல்லியிருக்கிறான். ஐரோப்பாவில் வேலை என்று சொல்லி ஊரிலிருந்து கூட்டிவரப்பட்ட மூன்று பெடியன்கள். பத்மநாதன் பதறிப்போனார். வீட்டுக்காரன் யாரென்று தெரியாது. ஒஸ்லோவுக்கு வந்து, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்க, ஒரு தமிழன் தலைவலி வந்தால் யாரைக் கூப்பிடுவானோ அவரைக் கூப்பிட்டார். அந்த வீடே ஸ்ரீதரனுடையது.

ஞாயிறு இரவு முடிவு வந்த பிறகு அவரை ஓர் ஏரியில் போடுவது என்று முடிவு செய்திருந்தார்களாம். தோல்வி தாங்காமல் செத்தார் என்று ஊர் சொல்லிக்கொள்ளும். அதுவரை ஒருவரும் தேடாமலிருக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

வினோஜா உடனே ஃபோனை எடுத்து அந்த வீட்டின் விலாசத்தைச் சுவீடன் பொலிசுக்குக் கொடுத்தாள். அவள் பேசி முடிக்கும்வரை பத்மநாதன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“அதுதான் மௌன காலம் எண்டு ஒரு விசர்க்கதையை உங்களைச் சொல்ல வைச்சவர்,” என்றான் ஜோன்சன்.

பத்மநாதன் தலையை அசைத்தார். உடைந்த பற்களுக்கிடையில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

“அது நான் சொல்லிக்குடுத்தது. என்ன சாட்டுச் சொல்லலாம் எண்டு என்னையே கேட்டவன். மௌன காலம் எண்டு சொல்லுறன் எண்டன். நல்ல யோசனை எண்டவன்.” மூச்சு வாங்கினார். “அந்தக் குழுவிலை இது பிழையெண்டு கேட்டவுடனை பிடிக்கக்கூடியவன் ஒருத்தன்தான். குகதாசன். எனக்கும் அவனுக்கும் ஆகாது. எண்டாலும் ஒரு சனமெல்லோ. அவன் வருவான் எண்டுதான் ரெண்டு நாளும் உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான். அவன்தானே உங்களை அனுப்பினவன்?”

கார்க் கண்ணாடியில் கன்னம் அழுந்தியபடி குகதாசன் சொன்னது வினோஜாவுக்கும் ஜோன்சனுக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமையே கேட்டவர். பிழையென்று அப்போதே தெரிந்தவர். அவன் வராவிட்டால் எனக்கு நல்லது என்று பேசாமல் பிஸ்கற் வாங்கப் போனவர். அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டு வந்தது அதே பேச்சை வைத்துத்தான்.

பத்மநாதன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வினோஜா பொய் சொல்லத் தெரியாதவள். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஓம் அண்ணை,” என்றான் ஜோன்சன். “அவர்தான்.”

பத்மநாதனின் முகம் தளர்ந்தது. தெரியும், தெரியும் என்று முணுமுணுத்தபடியே தூங்கிப்போனார்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சிந்தியா கட்டிலோடு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சுவீடன் பொலிஸ் அழைத்தது. அந்த வீட்டின் பூட்டை உடைத்து மூன்று பெடியன்களையும் எடுத்துவிட்டார்கள், மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். ஜோன்சனின் கையில் தையல் போட்டு முடித்து அவன் வெளியே வந்தபோது, வினோஜா வாசலில் நின்று இன்னோர் அழைப்பில் இருந்தாள். யாரோடு என்று அவன் கேட்கவில்லை.

அவள் முதலில் நடந்ததை முழுவதும் சொன்னாள். சுவர், விரல்கள், வான், ஏரி. ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியாகப் பத்மநாதன் அம்புலன்சில் சொன்னதையும் சொன்னாள்.

“ஜோன்சன் அண்ணை அவருக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அதை நீங்கள்தான் உண்மையாக்க வேணும். நாளைக்கு விடியமுன்னம் வாக்குச்சாவடி வாசல்லை நில்லுங்கோ. வாற ஒவ்வொருத்தரிட்டையும் பத்மநாதன்ரை பேருக்குப் புள்ளடி போடச் சொல்லிக் கேளுங்கோ. மாட்டன் எண்டால், நான் இப்பவே உள்ளை போய் அவருக்கு உண்மையைச் சொல்லுறன்.”

ஜோன்சன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அவன் என்னையோ நினைச்சவன்?” என்று குகதாசன் கேட்டார். குரல் அடையாளம் தெரியாமல் இருந்தது.

“ஓம். வேறை ஒருத்தரையும் இல்லை.”

காளை மாட்டுக் கழுத்து வைத்த அந்த மனிதர் வாய்விட்டு அழத் தொடங்கினார். வினோஜா ஃபோனை வைக்கவில்லை. அவர் அழுது முடியும்வரை காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜோன்சனுக்கு மட்டும் குகதாசன்மேல் ஆத்திரம் ஆறவில்லை. கத்தியால் குத்தியவனை அவன் அந்த நேரத்தில் மறந்தே போயிருந்தான்.